எல்லாக் காலத்துக்குமான டயர்

செவ்வாய்க்கிழமை காலமை மயிலிட்டியிலிருந்து சுன்னாகம் பக்கம் போன மினிபஸ்ஸுக்குப் பின்னாலே ஒரு வெள்ளைக் கார் ஊர்ந்துகொண்டு போனது. பஸ் நின்றால் கார் நிற்கும். பஸ் வெளிக்கிட்டால் கார் வெளிக்கிடும். காருக்குள்ளே பரமலிங்கம் தனியே இருந்தார். அவருடைய மனிசி ஞானாம்பிகை பஸ்ஸுக்குள்ளே யன்னலோரமாக, வீங்கின காலை நீட்ட இடமில்லாமல் இருந்தா. சொந்தக் கார் வைத்திருக்கிறவரின் பெண்சாதி பஸ்ஸில் போக, அவர் வெறுங்காரோடு பின்னாலே இழுபடுகிற கூத்தை வலிகாமம் முழுக்கத் தேடினாலும் காணமாட்டியள்.

தெல்லிப்பழையில் பஸ் ஆளேற்ற நின்றபோது கொண்டக்டர் இறங்கி வந்து கார்க் கண்ணாடியில் தட்டினார்.

"ஐயா, முந்துறதெண்டால் முந்துங்கோவன். மயிலிட்டியிலை பிடிச்சுப் பின்னுக்கு நிக்கிறியள். றைவர் பயப்பிடுறார்."

"நான் முந்தேலாது தம்பி. என்ரை மனிசி உங்கடை பஸ்ஸுக்கை இருக்கிறா."

"ஓ… சண்டையோ?"

"சண்டையில்லை. டயர்."

கொண்டக்டர் குனிந்து முன்சில்லைப் பார்த்தார். அவருக்கு முன்மண்டை முழுக்க வழுக்கை. தலையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்ரை மண்டையிலை இதைவிடக் கூட இருக்கு ஐயா. அம்மா பஸ்ஸிலை வாறது நல்லதுதான்."

ஞானாம்பிகைக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யாது. கிழமைக்கு மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் படுத்து, இரத்தத்தை மெசினில் விட்டுக் கழுவி எடுக்க வேணும். அது நடந்தால் அவ இருப்பா, நடக்காவிட்டால் இருக்கமாட்டா. வருத்தம் பிடிபட்டு இரண்டு வருசமாகிறது. அதுவரைக்கும் பரமலிங்கம் கடலுக்குப் போன மனிசன். கடலுக்குப் போனவன் எத்தனை மணிக்குக் கரைக்கு வருவான் என்று ஒருத்தரும் சொல்லேலாது. ஆஸ்பத்திரிக் கட்டிலோ பதினொரு மணி என்றால் பதினொரு மணிதான். அதனால் வள்ளத்தைத் தமையனின் மகனிடம் கொடுத்துவிட்டு இந்தப் பழைய காரை எடுத்தார். மனிசியை ஏற்றாத நாட்களில் பலாலி விமான நிலையத்துக்கும் கலியாண வீடுகளுக்கும் வாடகைக்கு ஹயர் ஓடுவார். அப்படி ஓடி ஓடித்தான் டயர் நாலும் மொட்டையாகிப் போயின.

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியால் திரும்பி வரும்போது மாவிட்டபுரத்துக்குக் கிட்ட நல்ல மழை. ரியூசனுக்குப் போன ஒரு பெட்டை, சைக்கிளில், ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே வந்தாள். பரமலிங்கம் பிறேக்கை மிதித்தார். கார் கேட்கவில்லை. எண்ணெய்த் தாச்சியில் விட்ட வடை மாதிரி அது தன்பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போய், பெட்டையின் சைக்கிளுக்கு ஒரு சாண் இடையில் நின்றது. பெட்டை சைக்கிளைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஞானாம்பிகை அந்தக் களைப்போடும் இறங்கிப் போய், மழைக்குள்ளே நின்று தன்னுடைய சீலைத் தலைப்பால் அவளின் முகத்தைத் துடைத்துவிட்டா. வீட்டுக்கு வந்து படலையடியில் இறங்கினபோதுதான் சொன்னா.

"இனி இந்தக் காரிலை ஏறமாட்டன்."

"ஒண்டும் நடக்கேல்லைத்தானே ஞானம்."

"நான் உயிரோடை இருக்கிறதுக்கு ஊரவையின்ரை பிள்ளை சாகேலாது. டயரை மாத்துங்கோ. அதுவரைக்கும் நான் ஒரு இடமும் வரேல்லை."

"அப்ப சனிக்கிழமை ஓட்டோ ஒண்டு பிடிப்பம்."

"நல்லாயிருக்கு! நான் ஓட்டோவிலை போக, நீங்கள் உந்த டயரோடை ஊர் முழுக்க ஓடித் திரியவோ? நான் ஏறினால்தான் அந்தப் பிள்ளைக்கு ஆபத்தோ? ஒருத்தரும் ஏறப்படாது. கார்த் திறப்பைத் தாங்கோ."

மனிசி திறப்பை வாங்கி அரிசிப் பானைக்குள்ளே போட்டுவிட்டா. வெள்ளியும் சனியும் மழை விடாமல் கொட்ட, ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகாமலே போனது. பின்னேரம் நேர்ஸ்பிள்ளை போன் எடுத்து, "ஐயா, ஒண்டு தவறினாச் சமாளிக்கலாம். செவ்வாயும் தவறினால் தண்ணி நெஞ்சிலை ஏறும். எப்பிடியும் கொண்டு வாங்கோ," என்று சொன்னா. ஞாயிற்றுக்கிழமை ஞானாம்பிகையின் கால் இரண்டும் பெரிதாக வீங்கின. படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்கியது. ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் கனடாவில் இருக்கிற மகள் தக்சாயினி போன் எடுத்தாள். பரமலிங்கம் வளவுக்குள்ளே போய் நின்று மெல்லமாகக் கதைத்தார்.

"அப்பா, ஓல் வெதர் டயர் எண்டு கேட்டு வாங்குங்கோ."

"அதென்ன பிள்ளை?"

"எல்லாக் காலத்துக்குமான டயர். நாங்களும் முந்திப் பனிக்கு ஒண்டு, வெயிலுக்கு ஒண்டு எண்டு மாத்தி மாத்திக் களைச்சுப் போனம். உதைப் போட்டாப்பிறகு மாத்திற வேலையே இல்லை."

"மாத்திற வேலையே இல்லையோ?"

"இல்லவே இல்லை அப்பா. ஒருக்காப் போட்டால் போட்டதுதான்."

சோளகக் காற்றுக்கு ஒரு வலை, வாடைக் காற்றுக்கு ஒரு வலை என்று நாற்பது வருசம் மாற்றி மாற்றித் தொழில் செய்த மனிசன் இதை நம்பியிருக்கக் கூடாது. ஆனால் நம்பவேணும் என்று ஆசைப்படுகிறவனிடம் போய் என்ன நியாயம் கதைக்கிறது! போன தை மாதம் அவர் டொக்டரைத் தனியே பிடித்து, இவ எவ்வளவு காலம் இருப்பா என்று கேட்டிருந்தார். "சொல்லேலாது ஐயா. ரெண்டு வருசமும் இருக்கலாம், பத்து வருசமும் இருக்கலாம்," என்றார் டொக்டர். பத்து காற்றோடு போனது. இரண்டு மட்டும் அவருடைய காதுக்குள்ளே குந்திக்கொண்டது. அதை அவர் மகளுக்கும் சொல்லவில்லை, மனிசிக்கும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸேறி யாழ்ப்பாணம் போய் மூன்று கடை ஏறி இறங்கினார். மூன்றிலும் ஒரே கதைதான். எல்லாக் காலத்துக்குமான டயர் இருக்கோ? இருக்கு ஐயா. எவ்வளவு காலம் ஓடும்? உங்கடை ஓட்டத்துக்கு ரெண்டு வருசம் ஓடும். அந்த 'ரெண்டு' காதில் விழுந்ததுதான் தாமதம், மனிசன் ஏதோ கெட்ட வார்த்தை கேட்டமாதிரித் திரும்பி நடந்துவிடுவார். பொழுதுபட வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்.

"டயர் எங்கை?"

"நல்லது ஒண்டும் இல்லை."

"யாழ்ப்பாணத்திலை ஓடுற கார் எல்லாம் என்ன கட்டையிலையோ ஓடுது? நீங்கள் டயர் பாத்தியளோ, மாப்பிளை பாத்தியளோ?" ஞானாம்பிகை மூச்சு வாங்க வாங்கத்தான் பகிடி விட்டா. "நாளைக்கு நான் வாறன். நான் தெரிஞ்செடுக்கிறன். பூட்டுறதைக் கண்ணாலை கண்டாப்பிறகு காரிலை ஏறுறன். அங்கையிருந்து நேரை ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"அப்ப கடைக்கு என்னெண்டு வருவாய்?"

"பஸ் ஓடுதுதானே."

இப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை ஊர்வலம் நடந்தது. நல்ல காலம், காலமை மழை விட்டிருந்தது. "பஸ்ஸுக்குப் பின்னாலை மெல்ல வாங்கோ," என்று மனிசியே அரிசிப் பானைக்குள்ளே கிடந்த திறப்பை எடுத்துக் கொடுத்தா.

சுன்னாகச் சந்திக்கு இங்காலே இருந்த டயர்க்கடையை யசிந்தாவும் அவளின் புருசனும் நடத்தினார்கள். புருசன் பின்னுக்குச் சில்லுக் கழட்டுவார், யசிந்தா முன்னுக்கு நின்று கதைப்பாள். மீன்பிடி ஊரான குருநகரில் பிறந்து வளர்ந்தவள், நாற்பது வயதிருக்கும். ஞானாம்பிகை பஸ்ஸால் இறங்கி மதிலைப் பிடித்துப் பிடித்து வருவதைக் கண்டதும் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"இருங்கோ அம்மா, முதல் இருங்கோ. பிளேன்ரீ ஊத்தட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. எனக்குத் தண்ணி அளவு. ஒரு நாளைக்கு மூண்டு கிளாசுதான். காலமைப் பிட்டோடை ஒண்டு முடிஞ்சுது."

யசிந்தா அவவின் கையில் ஊசி குத்திக் குத்தித் தடித்திருந்த இடத்தைப் பார்த்தாள். பரமலிங்கம் காரை மரத்தடியில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

"சொல்லுங்கோ ஐயா. எவ்வளவு காலத்துக்குப் பாக்கிறியள்?"

டயர்க்கடைக்காரர் எல்லாரும் கேட்கிற கேள்விதான். பரமலிங்கத்துக்கு முகம் கறுத்தது.

"அதென்ன கேள்வி? காலம் என்ன காலம்? கனகாலத்துக்குத்தான்."

யசிந்தா உள்ளே போய் இரண்டு டயரை உருட்டிக்கொண்டு வந்து ஞானாம்பிகையின் கதிரைக்கு முன்னால் நிறுத்தினாள். ஞானாம்பிகை ஒன்றும் கேட்காமல் இரண்டின் மேலேயும் பெருவிரலை வைத்து அமத்தினா. இடம்பெயர்ந்த துறையெல்லாம் முப்பது வருசம் மீன் ஏலத்தில் நின்ற விரல் அது. ஒரு பாரை மீனைத் தொட்டால் எத்தனை மணிக்கு வலையில் பட்டது என்று சொல்லிவிடும். முதலாவதை அமத்திவிட்டுத் தலையை ஆட்டினா. இரண்டாவதை அமத்திவிட்டு முகத்தைச் சுளித்தா.

"இது பழுது பிள்ளை. விரல் அமருது. நேற்றையான் மீனைக் கொண்டுவந்து இண்டையான் எண்டு வைக்கிறாய்."

யசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அம்மா, எங்கடை அம்மாவும் உப்பிடித்தான் அமத்திறவ! மீனிலைதான் அமந்தால் பழுது. டயரிலை எல்லாம் தலைகீழ். விரலுக்கு அமருறதுதான் மழை ஈரத்திலை தெருவைப் பிடிக்கும்."

"அப்ப இந்தக் கல்லு மாதிரி இருக்கிறது?"

"அது ஐஞ்சு வருசம் ஓடும். நல்ல டயர்தான், பழுது சொல்லேலாது. ஆனால் மழைக்குக் கொஞ்சம் வழுக்கும். மற்றது ஓல் வெதர். எல்லாக் காலத்துக்குமான டயர்."

"ஆ, அதுதான்!" பரமலிங்கம் முன்னுக்கு வந்தார். "அதைத்தான் மகளும் சொன்னவள். அது எவ்வளவு காலம் ஓடும்?"

"நீங்கள் ஹயரும் ஓடுறியள் எண்டால் ரெண்டு வருசம் ஓடும் ஐயா."

"எடி பிள்ளை, நீயும் சேந்து என்னைப் பேயனாக்கிறாய்! எல்லாக் காலத்துக்கும் எண்டிறாய், ரெண்டு வருசம் எண்டிறாய். அப்ப எல்லாக் காலம் எண்டதுக்கு என்ன அர்த்தம்? கல்லு மாதிரி இருக்கிறதுக்கு ஐஞ்சு வருசம், எல்லாக் காலத்துக்கும் இருக்கிறதுக்கு ரெண்டு வருசமோ? உது ஏமாத்தில்லையோ?"

பின்னுக்கு நின்ற யசிந்தாவின் புருசனும் எட்டிப் பார்த்தார். யசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"ஐயா, எல்லாக் காலம் எண்டால் மாரி காலம், கோடை காலம். மழையிலையும் ஓடலாம், வெயிலிலையும் ஓடலாம். அவ்வளவுதான். நீங்கள் ஆயுள்காலம் எண்டு நினைச்சியளோ?"

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்! பரமலிங்கம் வாய் திறந்தபடி நின்றார். மகள் சொன்னதெல்லாம் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பனிக்கும் வெயிலுக்கும் மாற்றி மாற்றிப் பூட்டுகிற வேலை இல்லை என்றுதான் அவள் சொல்லியிருக்கிறாள். தேயாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அப்படி ஒரு டயர் உலகத்தில் இல்லை. அவருக்கு ஒரேயடியாக ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது.

"அப்ப அந்த ஐஞ்சு வருசத்தைப் பூட்டு," என்றார்.

"மழையிலை பிடிக்கிறது எது பிள்ளை?" என்று ஞானாம்பிகை கேட்டா.

"இது அம்மா. அமருறது."

"அப்ப இதைப் பூட்டு."

"பூட்டாதை!" பரமலிங்கம் சத்தம் போட்டார். தெருவால் போன ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ரெண்டு வருசம் எண்டதை என்ரை காரிலை பூட்டவேண்டாம். நான் ஓட்டமாட்டன். மழைக்கு நான் மெல்லமாப் போறன், மாட்டு வண்டில் மாதிரிப் போறன். எனக்கு ரெண்டு வேண்டாம்."

யசிந்தா ஒன்றும் விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஞானாம்பிகைக்கு விளங்கிவிட்டது.

"இஞ்சேருங்கோ. உதிலை வந்து இருங்கோ."

வேறு கதிரை இல்லை. பரமலிங்கம் அந்தக் கல்லு மாதிரி டயரைச் சரித்துப்போட்டு அதன்மேலே இருந்தார்.

"டொக்டர் உங்களுக்கு ரெண்டு எண்டு சொன்னவரோ?"

பரமலிங்கம் சறத்துத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்.

"தை மாதம் என்னை நேர்ஸோடை விட்டிட்டு உள்ளுக்குப் போனனீங்கள். போகேக்கை நல்லாத்தான் போனனீங்கள். வெளியிலை வரேக்கை செத்தவீட்டுக்குப் போட்டு வாறமாதிரி வந்தியள். எனக்குக் கண் தெரியாதோ? அடுத்த கிளினிக்கிலை நானும் அந்தாளைப் பிடிச்சுக் கேட்டனான்."

"கேட்டனியோ? என்னட்டைச் சொல்லேல்லையே."

"நீங்கள் சொன்னனீங்களோ?"

ஞானாம்பிகை கதிரையில் இருந்தபடியே அவர் பக்கமாகத் திரும்பினா.

"உங்களுக்கு என்ன சொன்னவர்? முழுக்கச் சொல்லுங்கோ பாப்பம்."

"ரெண்டு வருசமும் இருக்கலாம்…" அவர் இருந்த டயரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "பத்து வருசமும் இருக்கலாமாம்."

"எனக்கும் அதைத்தான் சொன்னவர். உங்கடை காதிலை ரெண்டு விழுந்திருக்கு. என்ரை காதிலை பத்துத்தான் விழுந்தது." ஞானாம்பிகை மூச்சை இழுத்து விட்டா. "பத்து வருசத்துக்கு இந்த டயரை எத்தினை தரம் மாத்தோணும்? ஐஞ்சு தரம். ஐஞ்சு தரமும் நான்தான் வந்து அமத்திப் பாத்து எடுப்பன். உங்களை விட்டால் ஐஞ்சு வருசம் ஓடுறதைப் பூட்டி, முதல் மழைக்கே ஆற்றையோ பிள்ளையை அடிச்சுப்போட்டு வந்து நிப்பியள். பிறகு நான் எத்தினை வருசம் இருந்தென்ன? அந்தத் தாயின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்க என்னாலை ஏலாது. விளங்குதோ?"

"ஓம்."

"அழுறதெண்டால் அங்காலை போய் அழுங்கோ. பிள்ளையின்ரை கடைக்கு ஆக்கள் வருகினம்."

அவர் அங்காலே போகவில்லை. அதிலேயே இருந்து சறத்துத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். யசிந்தாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சாருங்கோ, ஜக்கைப் போடுங்கோ, கெதியா!" என்று புருசனைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

வேலை தொடங்கியது. யசிந்தாவின் புருசன் காரை உயர்த்திச் சில்லுகளை ஒவ்வொன்றாகக் கழட்டினார். பழைய டயரின் உட்பக்கத்தில் ரப்பர் தேய்ந்து நூல் தெரிந்தது. பரமலிங்கம் இருந்த இடத்திலிருந்தே அதைக் கண்டார். இந்த நூலின் மேலேதான் கிழமைக்கு மூன்று நாள் மனிசியை இருத்திக் கொண்டுபோனோம் என்று நினைத்தார். சும்மா இருக்க ஏலாமல் எழும்பிப் போய், கழட்டின நட்டுகளை வாங்கி ஒரு தகரப் பேணிக்குள்ளே போட்டார். புது டயர் ஏறின சில்லை மெசினில் சுழலவிட்டு, பாரம் குறைந்த பக்கத்தில் சின்ன ஈயத்துண்டு அடித்தபோது அவர் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

"ஈயமோ? நாங்கள் வலைக்குக் கட்டுறதுதானே."

"ஓம் ஐயா. இது இல்லாட்டிச் சில்லு நடுங்கும்."

"வலையும் அப்பிடித்தான். ஈயம் சரியாக் கட்டாட்டி நிலத்திலை நிக்காது." மனிசனின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. மற்ற மூன்று சில்லுக்கும் ஈயம் எந்த இடத்தில் விழும் என்று முன்கூட்டியே சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஒன்று சரிவந்தது.

நாலு சில்லும் பூட்டி முடிய மணி பத்தரை ஆகிவிட்டது. ஞானாம்பிகை எழும்பிக் காரைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு டயரிலும் விரலை வைத்து அமத்திப் பார்த்தா. கடைசிச் சில்லில் குனிந்து எழும்பும்போது தலை சுற்றியது. யசிந்தா ஓடிவந்து தோளில் பிடித்தாள்.

"அம்மா, இன்னும் ஒரு விசயம் இருக்கு. ஆறு மாதத்துக்கு ஒருக்கா முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாத்திப் பூட்டோணும். அப்பத்தான் ஒரேமாதிரித் தேயும். நான் மட்டையிலை திகதி எழுதித் தாறன். வைகாசியிலை வாங்கோ. ஆற்றை பேர் போட?"

பரமலிங்கம் தன்னுடைய பேரைச் சொல்ல வாயெடுத்தார்.

"ஞானாம்பிகை எண்டு போடு," என்றா மனிசி. "இவரின்ரை பேரைப் போட்டால் வரமாட்டார். நான்தான் கூட்டிக்கொண்டு வரோணும். வைகாசி எண்டால் எங்கடை கோயில் திருவிழா வரும். அதுக்குப் பிறகு ஒரு திங்கள் பாத்துப் போடு. செவ்வாய், வியாழன், சனி எனக்கு நேரமில்லை."

யசிந்தா மட்டையில் பெரிய எழுத்தில் எழுதினாள். பரமலிங்கம் அதை வாங்கிச் சேட்டுப் பொக்கற்றில் வைக்கப் போனார். ஞானாம்பிகை அதைப் பறித்துத் தன்னுடைய கிளினிக் கொப்பியைத் திறந்து, ஆஸ்பத்திரித் திகதிகள் எழுதியிருந்த தாளோடு சேர்த்து வைத்தா. பிறகு முன்கதவைத் தானே திறந்து ஏறி இருந்து, வீங்கின காலை மெல்லத் தூக்கி உள்ளே வைத்தா.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? பதினொரு மணிக்குக் கட்டில். எடுங்கோ காரை."